மேடையின் ஒன்பது குறைகள்

படகின் மூக்குக்குள் முழங்காலிட்டு உட்கார்ந்து, குளிர்பதனப் பெட்டி வந்திறங்கிய அட்டையை அதன் உட்புறத்தோடு ஒட்டிப் பிடித்தபடி, பலகையின் வளைவைப் பென்சிலால் பின்தொடர்ந்துகொண்டிருந்தான் அலமாரிக்காரன். சமையலறை அலமாரிகள் செய்பவன் என்பதால் ஊர் அவனை அப்படித்தான் அழைத்தது. பதினாறு வருடத் தொழிலில் அவன் பார்த்த சுவர்கள் எல்லாம் நேராக இருந்தன, அல்லது நேராக இருப்பதாகப் பாசாங்காவது செய்தன. இந்தப் படகு எந்தப் பாசாங்கும் அற்றது. நேர்கோடு என்று சொல்லிக்கொள்ள அதில் ஒரு சாண் இடம்கூட இல்லை. இடப்பக்கம் ஒருவிதமாக வளைந்தது. வலப்பக்கத்தில் பழைய பலகையை மாற்றியபோது யாரோ அவசரப்பட்டிருக்க வேண்டும், அது வேறுவிதமாக வளைந்தது. வைத்துப் பார்த்து, கத்தரித்து, மறுபடி வைத்துப் பார்த்து, மூன்றாவது அட்டையில்தான் அந்த மூக்கின் உண்மையான வடிவம் அவன் கைக்கு வந்தது.

கொட்டகை வாசலில் கவிழ்த்த வாளியின் மேல் மாமா உட்கார்ந்திருந்தார். அவனுடைய அக்காவின் கணவர். அவருடைய ஒரு கை கொட்டகைத் தூணைப் பற்றியிருந்தது. உட்கார்ந்திருப்பவருக்குப் பிடிமானம் தேவையில்லைதான். ஆனால் நான்கு மாதங்களாக அந்தக் கை எதையாவது பற்றிக்கொண்டே இருக்கப் பழகியிருந்தது. குளிர்காலத்தில் வந்த காய்ச்சல், விட்டுப்போகும்போது அவருடைய வலது காதின் கேட்கும் சக்தியையும், கூடவே நிலையாக நிற்கும் திறனையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. மருத்துவர் தாளில் படம் வரைந்து சொன்னதை அவன்தான் அக்காவுக்குத் தன் தொழிலின் மொழியில் விளக்கினான்.

"காதுக்குள்ள ஒரு ரசமட்டம் இருக்காம்க்கா. மாமாவுக்கு ஒரு பக்கத்துக் குமிழி உடைஞ்சுபோச்சு. இன்னொண்ண வெச்சே பழகிக்கலாமாம். ஆனா நின்னு நின்னுதான் பழகணுமாம்."

நிற்பதுதான் மாமாவின் தொழில். வீச்சுவலைக்காரர் அவர். ஒரு காலைப் படகின் குறுக்குப்பலகையிலும் மறு காலைப் படகின் விளிம்பிலும் ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளிலிருந்து வலையை விரித்தெறிவார். ஏரியின் மேல் ஒரு கணம் வட்டமாக ஒரு கூரை நிற்கும். கையகலப் பலகையில் அப்படி நிற்பது இனி அவரால் ஆகாது. அகலமாக, தட்டையாக, இரண்டு காலையும் பரப்பி வைக்கத் தோதாக ஒரு தளம் இருந்தால் ஆகலாம். அந்த எண்ணம் அலமாரிக்காரனுக்கு மருத்துவமனை நடைபாதையிலேயே தோன்றிவிட்டது.

தளம் நிரந்தரமாக இருக்க முடியாது. படகு மாமாவுக்குப் பாதிதான் சொந்தம். மறுபாதிக்கு உரியவர் தொப்பிக்காரர்; தலையில் தொப்பி இல்லாமல் அவரைப் பார்த்ததாக அவர் மனைவியே சாட்சி சொல்ல மாட்டாள் என்பார்கள். வாரத்தில் மூன்று நாள் மாமா மீன் பிடிப்பார். அடுத்த மூன்று நாள் தொப்பிக்காரர் கோழித்தீவன மூட்டைகளை ஏரியின் அக்கரையிலுள்ள பண்ணைகளுக்கு ஏற்றிப்போவார். மூக்கு வரை மூட்டை அடுக்கினால்தான் ஒரே நடையில் வேலை முடியும். மாமா படுத்துக்கிடந்த மாதங்களில் அவருடைய மூன்று நாட்களும் படகு சும்மா கட்டிக்கிடந்தது. கோடையில் ஏரி வற்றியதும் வழக்கம்போல அதைக் கரையேற்றி, கொட்டகைக்குள் கட்டைகளின் மேல் ஏற்றி, தார் பூசி, ஒரு மாதமாகக் காயவிட்டிருந்தார்கள்.

தொப்பிக்காரர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மேடை போடறாங்கன்னு கேள்விப்பட்டேன். மைக் எப்ப வரும்?"

"மொதல்ல மேடை நிக்கட்டும்ணே," என்றான் அலமாரிக்காரன்.

அவர் சிரித்தார். பிறகு படகின் பக்கப்பலகையில் உள்ளங்கையை வைத்தபடி, சிரிப்பில்லாத குரலில், மாமாவின் இடது காது இருந்த பக்கமாக வந்து நின்று சொன்னார். "இங்க பாரு. தண்ணி ஏறினதும் மூணு வாரம் பாக்கறேன். அக்கரை ஆளு ஒருத்தன் உன் பாதியக் கேட்டுட்டே இருக்கான். எனக்கு அவன் மூஞ்சியே பிடிக்காது, ஆனா படகு பாதி நாள் கட்டிக்கெடந்தா மக்கிப்போயிடும். நீ நின்னு வலை வீசினா எனக்கு அதுபோதும். ரெண்டே விஷயம்தான். என் படகுல ஒரு ஆணி அடிக்கக்கூடாது. என் நாள்ல விடியறப்ப எனக்கு வெறும் படகா இருக்கணும்."

"நியாயம்தான்," என்றார் மாமா.

அது நியாயமாக இருந்ததுதான் அலமாரிக்காரனுக்குப் பயமாக இருந்தது. அநியாயம் என்றால் சண்டை போடலாம்.

அவன் இருபத்திரண்டு வயதில் ஒரே ஒரு பையோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றவன். படிப்பும் போய், சேர்ந்த வேலையும் போய், அப்பாவோடு பேச்சும் நின்றுபோயிருந்த நேரம். மாமா வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "வா மாப்ளே, சாப்ட்டியா?" என்றார். அவ்வளவுதான். வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அவரும் அக்காவும் கைக்குழந்தையும் பின்னறைக்கு மாறினார்கள். நான்கு வருடங்கள். அந்த நான்கு வருடங்களில் எப்போது போகப்போகிறாய் என்று அவர் வாயால் கேட்கவில்லை. கண்ணால், கதவைச் சாத்தும் ஓசையால், தட்டை வைக்கும் விதத்தால்கூடக் கேட்கவில்லை. பெற்றுக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வே எழாதபடி கொடுப்பது எத்தனை அரிய கலை என்று, தனக்கென ஒரு பட்டறையும் குடும்பமும் அமைந்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. ஒருமுறை நன்றி சொல்லவும் முயன்றான். இரண்டு காதும் துல்லியமாகக் கேட்ட அந்தக் காலத்திலேயே, மாமா செவிடரைப்போல வலையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆகவே அந்தச் சொல்லை அவன் இப்போது மரத்தில் சொல்லப் பார்த்தான்.

பதினைந்து நாட்கள் பட்டறையில் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை. தண்ணீர் தாங்கும் பிளைவுட்டிலேயே கனமானதைத் தேர்ந்தெடுத்தான். ஆணி கூடாதென்றால் பொருத்தத்தாலேயே தளம் நிற்க வேண்டும். பொருத்தம்தான் அவனுடைய பெயர் போன திறமை. அவன் செய்த அலமாரிக் கதவை மூடிப் பின்னால் விளக்கைப் பிடித்தாலும் வெளிச்சம் கசியாது என்று வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பின்புறம் குறுக்குப்பலகையின் மேலும், இருபுறமும் படகின் விலாச் சட்டங்களின் மேலும் தளம் உட்கார்ந்துகொள்ளும்படி அமைத்தான். அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்கள். பாதம் ஓரத்தை உணரட்டும் என்று, தட்டுகள் சரியாமல் இருக்க அடுக்கில் வைக்கும் மெல்லிய விளிம்புச் சட்டத்தைச் சுற்றிலும் ஒட்டினான். தூக்கியெடுக்க இரண்டு பித்தளைக் கைப்பிடிகள். அதோடு நிறுத்தியிருக்கலாம், கை நிற்கவில்லை. தளத்துக்கு அடியில் வீணாகக் கிடந்த வெற்றிடம் அவனை உறுத்தியதால், மாமாவின் தேநீர்க் குடுவைக்கும் ஊசி நூலுக்கும் ஓர் இழுப்பறை வைத்தான். ஐந்து பூச்சு வார்னிஷ் அடித்தான். ஐந்தாவது பூச்சு காய்ந்தபோது பட்டறை ஜன்னல் அதில் தெளிவாகத் தெரிந்தது.

கொட்டகைக்குக் கொண்டுபோய் இறக்கினான். தளம் படகின் மூக்குக்குள் ஒரு பெருமூச்சைப்போல அமர்ந்தது. ரசமட்டத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் வைத்துப் பார்த்தான். குமிழி இம்மியும் நகரவில்லை. மாமா தூணிலிருந்து படகுக்கும், படகின் விளிம்பைப் பிடித்தபடியே மூக்குக்கும் வந்தார். தளமும் படகும் சேரும் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக இழுத்துப் பார்த்தார். மறுபக்கமும் அப்படியே. வாயைத் திறந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"நல்லா இருக்கு மாப்ளே."

அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை அலமாரிக்காரன் நெகிழ்ச்சி என்று எண்ணிக்கொண்டான்.

ஏரியில் தண்ணீர் ஏறியது. படகை இறக்கினார்கள். முதல் மூன்று நாட்களும் மாமாவின் நாட்கள். துடுப்புப் போட அலமாரிக்காரனே போனான். துடுப்பு வலிப்பவன் படகின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அவனோ கழுத்து வலிக்க வலிக்கத் திரும்பி, முன்னால் நிற்கும் மாமாவையே பார்த்துக்கொண்டு வலித்தான். அதனால் படகு மூன்று நாளும் கோணலாகவே போனது. மாமா தளத்தின்மேல் ஏறினார். நின்றார். இரண்டாவது வீச்சில் பாதம் சறுக்கி, உட்கார்ந்த நிலைக்கு வந்துவிட்டார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு. கொஞ்சம் உக்காந்து பாக்கறேன்."

பிறகு வலை எதிலோ மாட்டியது. அவர் குனிந்து அதை விடுவித்துக்கொண்டார். மூன்றாம் நாள் காற்றில் படகு தலையைத் தூக்கி இறக்கியபோது டக்கென்று ஏதோ ஓசை கேட்டது, மாமா குதிகாலைத் தேய்த்துக்கொண்டார். கேட்டதற்கெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. நல்லா இருக்கு. கூடையின் அடியை மறைக்கும் அளவுக்குக்கூட மீன் விழவில்லை. வீடு திரும்பும் வழியில் மாமா ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் குறைவாகப் பேசினார். காது இன்னும் பழகவில்லை, வேறென்ன, என்று அலமாரிக்காரன் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

நான்காம் நாள் காலை, பட்டறையைத் திறக்கும்போதே அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"உன் மேடை வர மாட்டேங்குதாம். ஓடு."

கரையில் தீவன மூட்டைகள் இறங்கி வரிசையாகக் கிடந்தன. படகுக்குள் தொப்பிக்காரர் ஒரு கைப்பிடியையும் மாமா உட்கார்ந்தபடி மறு கைப்பிடியையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். தளம் படகோடு பிறந்ததுபோல் அசையாமல் கிடந்தது. அலமாரிக்காரன் தண்ணீரில் இறங்கி நடந்து வருவதற்குள் தொப்பிக்காரரின் கையோடு கைப்பிடி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவனிடம் நீட்டினார்.

"இந்தா தம்பி. உன் அலமாரி தெறந்துடுச்சு."

அவன் கோட்டின்மேல் விரலை வைத்தான். நகம்கூட நுழையவில்லை. பட்டறையிலிருந்து கொண்டுவந்தபோது இருந்ததைவிட இறுக்கம்.

"எப்படிண்ணே? நான் அளவு எடுத்துதானே..."

"காஞ்ச படகுல அளவு எடுத்த. காஞ்ச பலகை தண்ணில இறங்கினா ஊதும். நாலு நாள்ல சந்தெல்லாம் மூடிக்கும். அதனாலதானே படகு ஒழுகாம மெதக்குது." தொப்பிக்காரர் கரையைச் சுற்றிக் கையைக் காட்டினார். "இங்க வலை காயப்போடற ஆளுங்களக் கேளு. சின்னக் குழந்தைகூடச் சொல்லும்." பிறகு அவர் பார்வை மாமாவின் மேல் போய் நின்றது. அங்கேயே தங்கியது.

அலமாரிக்காரனும் திரும்பினான். "மாமா. உங்களுக்குத் தெரியாதா?"

மாமா குறுக்குப்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தெரியும்."

"எப்போலேந்து?"

"நீ கொண்டுவந்து வெச்ச அன்னிக்கே. வெரல் வெச்சுப் பாத்தேன்ல."

"பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

"பதினஞ்சு நாளு வேலைய விட்டுட்டு எனக்காகச் செஞ்சிருக்க. அதைத் தூக்கிட்டு வந்து நின்ன பாரு, அந்த மூஞ்சியப் பாத்து நான் என்னன்னு சொல்றது? எனக்கு ஒருத்தன் இவ்வளவு செஞ்சிருக்கான். அதுல குத்தம் சொல்ற வாய் எனக்கு எங்கேந்து வரும்?"

"அதுக்குப் படகே போனாலும் பரவாயில்லையா மாமா?"

"உங்க பாசத்த அப்புறம் வெச்சுக்கலாம்," என்றார் தொப்பிக்காரர். "மூட்டை வெயில்ல கெடக்கு. அர மணி நேரம் பாப்பேன். இல்லன்னா அக்கரைலேந்து வேற படகக் கூப்பிடுவேன். கூப்பிட்டா அவன்தான் வருவான்."

அவன் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அலமாரிக்காரன் வண்டியிலிருந்து ரம்பத்தை எடுத்துவந்தான். தளத்தின் பின்விளிம்பில், நடுவில், ரம்பத்தின் பல்லை வைத்தான். ஐந்து பூச்சு வார்னிஷில் அவனுடைய முகமே அவனைப் பார்த்தது. தன் கையால் செய்த எதையும் அவன் இதுவரை வெட்டியதில்லை. செய்து முடித்த பொருள் தன்னுடையதல்ல என்பது அவன் தொழிலின் முதல் ஒழுக்கம். ஒரு கணம்தான். பிறகு இழுத்தான். ஒரு முழம் போவதற்குள் பக்கப்பலகைகளின் அழுத்தத்தில் வெட்டுவாய் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வியது. உளியைச் செருகி அதைத் திறந்து வைத்துக்கொண்டான். மாமா கேட்காமலேயே உளியின் தலையை அழுத்திப் பிடித்தார். மூக்குவரை ஒரு கோடு. அதற்கு ஒரு விரல் தள்ளி, இணையாக இன்னொரு கோடு. அடியிலிருந்த குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து அறுபட்டன. நடுவில் நின்ற மெல்லிய பட்டையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் அது முறிந்து கீழே விழுந்தது; அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததுபோல இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து தளர்ந்தன. ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்க முடிந்தது.

தொப்பிக்காரர் வெறுமையான மூக்கைக் குனிந்து பார்த்தார். விலாச் சட்டங்களில் கீறல் இருக்கிறதா என்று தடவினார். இல்லை. மூட்டைகளை ஏற்றி முடித்து, படகைத் தள்ளும்போது, "அடுத்த தடவ ரம்பம் இல்லாம எடுங்க," என்றார். அடுத்த தடவை என்று அவர் ஒன்று வைத்திருந்ததே அப்போதைக்குப் பெரிதாக இருந்தது.

கரையில் இரண்டு பாதிகளும் இரண்டு மனிதர்களும் மிஞ்சினார்கள். அலமாரிக்காரனுக்குக் கோபம் வந்திருந்தது. யார்மேல் என்று அதற்குத் தெரியவில்லை. மாமாவின் மௌனத்தைத்தான் அவன் பதினாறு வருடங்களாகத் தெய்வம்போல வைத்திருந்தான். அதே மௌனம் இன்று அவருடைய படகையே பறித்திருக்கும். விருந்தாளியிடம்தான் ஒருவர் குறை சொல்ல மாட்டார். அப்படியென்றால் இத்தனை காலமும் அந்த முன்னறையில் தான் விருந்தாளியாகத்தான் இருந்தோமா? இந்தக் கேள்வி வந்ததும் அவன் தளத்தின் ஒரு பாதியின்மேல் உட்கார்ந்தான்.

அக்கா வந்தாள். பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலை அவளுக்கு. பணி நேரத்துக்கு முன் கரைக்கு வந்திருந்தாள், நீலச் சட்டையோடு. இரண்டு துண்டுகளையும் பார்த்தாள். இரண்டு ஆண்களையும் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்க ரெண்டு பேரையும் ஒரே தராசுல போட்டா முள்ளு நடுவுல நிக்கும். டேய், நீ மொதமொதல்ல செஞ்ச ஸ்டூல் எங்க வீட்ல இருக்கே, அதுல ஒரு கால் குட்டை. தெரியுமா உனக்கு?"

"இல்லியே. அது ஆடவே ஆடாதே."

"எப்படி ஆடும்? பழைய செருப்ப வெட்டி அடில ஒட்டி வெச்சிருக்கார். தேய்ஞ்சா புதுசு மாத்துவார். நீ வர்ற நாளுன்னா தொடைச்சும் வைப்பார். இதுவரைக்கும் மூணு ஜோடி செருப்பு போயிருக்கு அந்த ஸ்டூலுக்கு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அலமாரிக்காரன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். வந்தது சிரிப்பாக இல்லை. வருடக்கணக்காக ஒரு மனிதர் யாரும் பார்க்காத நேரத்தில் குனிந்து உட்கார்ந்து, செருப்பை வெட்டி, தன் மைத்துனனின் பிழைக்கு ஒரு கால் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். விருந்தாளிக்கு யாரும் அத்தனை வேலை பார்ப்பதில்லை. அவன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்து அக்காவிடம் கொடுத்தான்.

"மாமா, இந்த மேடைல என்னென்ன குறை? ஒண்ணு விடாமச் சொல்லுங்க. அக்கா எழுதட்டும்."

"அதெல்லாம் ஒண்ணும்..."

"நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. கும்புட்டுக் கேட்டுக்கறேன்."

மாமா ஏரியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இறுக்கம். அது உனக்கே தெரிஞ்சுபோச்சு. ஒரு விரல் சந்து விடு, கயிறு போட்டுக் கட்டிக்கலாம். கயிறுன்னா படகு ஊதினா தானும் தளர்ந்து குடுக்கும்."

அக்கா, தளத்தின் மறுபாதியை வார்னிஷ் அடிக்காத அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்து, ஒன்று என்று எழுதினாள்.

"அப்புறம், வழுக்குது. சாப்பாட்டு மேசை மாதிரி பளபளன்னு இருந்தா கால் எங்க நிக்கும்? வெயில் வேற அதுல பட்டு மூஞ்சிலயே அடிக்குது." ஒன்றைச் சொல்லிவிட்டால் அடுத்தது தானாக வரும்போலிருந்தது. "கைப்பிடி. வலையோட கண்ணு போய் அதுலதான் மாட்டும். ஆளையே இழுத்துப் போட்டுடும். ஒரு ஓட்டை போடு, விரல விட்டுத் தூக்கிக்கறேன். கனம், எமன் மாதிரி கனம், இப்ப ரெண்டாப் போனது எவ்வளவோ மேல். உயரம் ரெண்டு விரல் ஜாஸ்தி. கொஞ்சம் இறங்கி இருந்தா கெண்டைக்கால் படகு ஓரத்துல படும், படகு எந்தப் பக்கம் சாயுதுன்னு அது சொல்லும் எனக்கு. காது சொல்ல மாட்டேங்குதுல்ல."

"மெதுவாச் சொல்லுங்க, நான் என்ன மெஷினா?" என்றாள் அக்கா.

"ரசமட்டம் வெச்சுப் பாத்தான் பாரு, அது தரைல. தண்ணில நான் மூக்குல ஏறி நின்னா மூக்கு அமுங்குமா இல்லையா? சரிவுல நிக்கற மாதிரி இருக்கு. முன்னாடிப் பக்கம் கொஞ்சம் தூக்கு. சத்தம், கால மாத்தி வெச்சா தகரத்துல தட்டின மாதிரி ஏரிக்கே கேக்குது, மீனெல்லாம் சிரிச்சுட்டுப் போகுது. அடில பழைய ட்யூப் ரப்பர் குடு. அப்புறம் அந்த இழுப்பறை." அவர் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "படகுல யாராவது இழுப்பறை வைப்பாங்களாடா? அலை அடிச்சா தானா தெறந்துட்டு வந்து குதிகால்ல கடிக்குது. நாய் வளக்கற மாதிரி இருக்கு."

அக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள், எழுத முடியாமல். அலமாரிக்காரனும் சிரித்தான். மாமா தன்னை 'டா' போட்டது இதுவே முதல்முறை என்று அவனுக்குச் சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. மழை பெய்யும்போது நனைந்துகொண்டே நிற்கத் தோன்றுமே, அப்படி அவன் அந்தக் குறைகளுக்குக் கீழே நின்றான்.

"எட்டு ஆச்சு. அவ்வளவுதானா?"

"ஓரச் சட்டம் நல்லா இருக்கு," என்றார் மாமா. "நெசமாவே நல்லா இருக்கு, அதுல கை வெக்காத. கால் விரல் அங்க பட்டதும் ஓரம் எங்க இருக்குன்னு தெரிஞ்சு மனசு அடங்குது. ஒன்பதாவது, நீ."

"நானா?"

"கழுத்தத் திருப்பித் திருப்பி என்னையே பாத்துட்டு வர்ற. முதுகுல ரெண்டு கண்ணு குத்திட்டே இருந்தா மனுஷன் எப்படி நிப்பான்? துடுப்பு போட வந்தவன் துடுப்பப் போடு."

"விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்தா சத்தம் கேக்கும். அப்பத் திரும்பு."

தொப்பிக்காரரின் மூன்று நாட்களும் பட்டறையில் இழைக்கும் ஓசை கேட்டது. வார்னிஷ் முழுவதையும் சுரண்டியெடுத்துப் பிளைவுட்டை வெறும் மேனியாக விட்டான். கைப்பிடிகள் போய் விரல் நுழையும் துளைகள் வந்தன. துளையின் விளிம்பை வலைநூல் மாட்டாதபடி வழவழவென்று உருட்டினான். இழுப்பறையைத் தன் பட்டறை மேசைக்கு அடியில் மாட்டிக்கொண்டான். ஒன்றை மட்டும் ரசமட்டத்தால் தீர்க்க முடியவில்லை. தொப்பிக்காரர் மதியம் திரும்பி வந்ததும் கெஞ்சிக் கேட்டு, அரை மணி நேரம் படகைக் கரையோரத் தண்ணீரில் கட்டி நிறுத்தி, மாமாவின் எடைக்குச் சமமாகத் தீவன மூட்டையை மூக்கில் வைத்து, எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தான். எடையை அக்கா மருத்துவமனைச் சீட்டைப் பார்த்துச் சொன்னாள். அவன் ஊகித்திருந்ததைவிட அது ஒரு பெரிய கூடை மீன் அளவுக்குக் குறைவாக இருந்தது. அளந்தபடியே மூட்டையிலிருந்து தீவனத்தை அள்ளியெடுத்தான். தொப்பிக்காரர் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார்.

மாமாவின் நாள் மறுபடி வந்ததும், வெயில் ஏறுவதற்கு முன், இரண்டு பாதிகளையும் மாமாவே ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, நடுவில் ஒரு விரல் இடைவெளியோடு, குறுக்குப்பலகையோடு கயிற்றால் கட்டினார். முடிச்சைத் தானே போட்டார். அலமாரிக்காரன் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துடுப்பு வலித்தான். கரை அவன் கண்ணெதிரே சிறிதாகிக்கொண்டே போனது. கொட்டகை, அதன் தகரம், அதன் முன் தொப்பியோடு நின்ற ஓர் உருவம். போதும் என்று மாமா சொன்ன இடத்தில் துடுப்பை நிறுத்தினான்.

பின்னால் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஈயக் குண்டுகள் பலகையில் உரசும் மெல்லிய கலகலப்பு, வலையை அள்ளுகிறார். படகு ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, எழுந்துவிட்டார். அவன் தன் உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டு எதிரேயுள்ள தண்ணீரை வெறித்தான். ஒரு மூச்சு. இடுப்பு திரும்பும் அசைவு படகின் வழியாக அவன் உட்கார்ந்திருந்த பலகைக்கு வந்தது. வலை விழுந்தது. இரண்டு ஓசைகளாக விழுந்தது, ஒரு பக்கம் முன்னே, மறுபக்கம் பின்னே. விரியாமல் மடங்கிவிட்ட வலை அப்படித்தான் விழும். இழுத்தார். மீண்டும் அள்ளினார். இரண்டாம் வீச்சில் படகு வேகமாகத் தலையசைத்தது, துடுப்புக் கட்டையை அவன் விரல் வெளுக்கும்படி பற்றிக்கொண்டான், கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. பெரிய ஓசை எதுவும் வரவில்லை. ஈயக் குண்டுகளின் கலகலப்பு மறுபடி கேட்டது. ஐந்தாவதா ஆறாவதா என்று எண்ணிக்கை விட்டுப்போன பிறகு ஒருமுறை வலை ஒரே ஓசையாக விழுந்தது, ஓர் அகலமான தூறல் ஒரே சமயத்தில் தண்ணீரைத் தொட்டதுபோல. தொடர்ந்து இழுக்கும் ஓசை, நீர் வடியும் ஓசை, பலகையில் எதுவோ துள்ளும் ஓசை.

"துடுப்ப உள்ள வெச்சுட்டு வந்து கூடையப் பிடி," என்றார் மாமா.

அவன் திரும்பினான். மாமா இறங்கிக் குறுக்குப்பலகையில் உட்கார்ந்து, மூச்சு வாங்க, மடியில் கிடந்த வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வெறும் பலகை, வலையிலிருந்து கொட்டிய நீரால் முழுவதும் கறுத்துக் கிடந்தது, இரண்டு இடங்களைத் தவிர. நடுக்கோட்டுக்கு இருபுறமும், அகலமாகப் பரப்பி வைத்த இரண்டு பாதங்களின் வடிவத்தில் மட்டும் மரம் நனையாமல் வெளிறியிருந்தது. ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. ஓரங்களிலிருந்து ஈரம் மெல்ல உள்நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது; குதிகால்களின் பக்கம் இன்னும் கொஞ்சம் வறண்டிருந்தது.